12 வாரம், 8,500 ரூபாய்: பெரம்பூரில் ஒரு மூளை நலப் பயிற்சி வகுப்பு

பெரம்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இயங்கும் ஒரு முதியோர் நல மையம், ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்காக 'மூளை நலப் பயிற்சி' என்ற பெயரில் 12 வார வகுப்பு நடத்துகிறது. செவ்வாயும் சனியும் காலை ஆறே முக்காலுக்குத் தொடங்கி எட்டரை மணிக்கு முடியும். ஒருவருக்குக் கட்டணம் 4,800 ரூபாய். தம்பதியாகச் சேர்ந்தால் 8,500 ரூபாய். நானும் என் கணவரும் சென்ற தை மாதக் கடைசியில் சேர்ந்து, ஒரேயொரு சனிக்கிழமை தவிர எல்லா நாளும் சென்று, சித்திரை முடிவதற்குள் முடித்தோம். குறைகளையும் எழுதப் போவதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். பெயர் தெரியாவிட்டாலும், இத்தகைய வகுப்பு எதில் சேர நினைப்பவருக்கும் இந்த அனுபவம் பயன்படும் என்றே நினைக்கிறேன்.

நாங்கள் சேர்ந்ததற்குக் காரணம் என் மாமியார். திருவொற்றியூரில் வடிவுடையம்மன் கோயிலுக்கு நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நடந்தே போய்வந்தவர், ஒரு வெள்ளிக்கிழமை கோயிலை விட்டு வெளியே வந்து எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் சன்னதித் தெருவில் நின்றுவிட்டார். பூக்கடைக்காரர் ஒருவர்தான் அழைத்து வந்து விட்டார். 'வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று நாங்கள் இரண்டு ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டோம். முதுமை மறதி என்பது முதுமையின் இயல்பல்ல, நோய் என்று மருத்துவர் சொன்னபோது காலம் கடந்திருந்தது. இப்போது என் கணவருக்கு 68 வயது, எனக்கு 64. எனவே விளம்பரத் தாளைப் பார்த்ததும் அதிகம் யோசிக்கவில்லை.

முதல் நாள் பரிசோதனையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் அன்றைக்கே ஈடாகிவிட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, எடை, இடுப்புச் சுற்றளவு, கண் பார்வை, காது கேட்கும் திறன் என்று ஒவ்வொரு மேசையாக நகர்த்தினார்கள். கடைசி மேசையில் நினைவாற்றல் வினாக்கள். ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார்கள். கடிகார முகம் ஒன்றை வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை உயிரினங்களின் பெயர்களைச் சொல்ல முடியும் என்று எண்ணினார்கள்.

எனக்கு முன்னால் அமர்ந்திருந்தவர் காசிமேட்டில் ஐம்பது ஆண்டுகள் மீன் விற்ற ஒரு பெண்மணி. பள்ளிக்கூடம் போனதே இல்லை. படத்தில் இருந்த காண்டாமிருகத்தைக் காட்டிப் பெயர் கேட்டபோது அவருக்குத் தெரியவில்லை. பயிற்சியாளப் பெண் தாளில் எதையோ குறித்துக்கொண்டாள். அடுத்து உயிரினங்களின் பெயர்களைக் கேட்டதும், "மீனு பேரு சொன்னா கணக்குல சேத்துக்குவியா கண்ணு?" என்றார். அந்தப் பெண் தயங்கியபடி தலையசைத்த நொடியில் தொடங்கினார்: வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி, கொடுவா, பாறை, சீலா, திருக்கை, வாளை, கிழங்கான், மடவை, காரப்பொடி. நிமிடம் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. மாடு, ஆடு, நாய், பூனை என்று தொடங்கிப் பதினாறில் மூச்சு வாங்கிய நான் முன்னாள் பள்ளித் தலைமை ஆசிரியை. படித்தவர்களை மனத்தில் வைத்து எழுதிய வினாத்தாளை அப்படியே மொழிபெயர்த்துப் பயன்படுத்தினால், படிக்காதவருக்கு நோய் இருப்பதாகவும் படித்தவருக்கு இல்லாததாகவும் தவறாகக் காட்டிவிடும் ஆபத்து உண்டு. அன்று வந்திருந்த மருத்துவர் இதை உடனே புரிந்துகொண்டு காண்டாமிருகத்துக்குப் போட்ட குறியை அடித்துவிட்டார். பயிற்சியாளர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

காது பரிசோதனை எங்கள் வீட்டையே மாற்றியது. என் கணவர் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். சில ஆண்டுகளாகத் தொலைக்காட்சிச் சத்தம் கூடிக்கொண்டே போனதையும், தெருமுனை கேரம் பலகைப் பக்கம் அவர் போவது நின்றுபோனதையும் நான் கவனித்திருந்தேன், ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. வடசென்னையில் கேரம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. வியாசர்பாடியிலிருந்து இளவழகி உலகச் சாம்பியனாக வந்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் கேரம் பலகையை விட்டு விலகினால், யாராவது ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். சுற்றி நின்று பேசுபவர்கள் சொல்வது காதில் விழாததால், தன்னைக் கேலி செய்கிறார்களோ என்ற சந்தேகத்தில் ஒதுங்கியிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

காது கேளாமைக்கும் முதுமை மறதிக்கும் தொடர்பு உண்டு என்பது அந்த மையம் கண்டுபிடித்ததல்ல. மறதி நோயைத் தடுப்பது பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, 2017 முதலே மாற்றக்கூடிய காரணிகளின் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. சரியாகக் கேட்காத ஒலியைப் புரிந்துகொள்ளவே மூளை பாடுபட வேண்டியிருக்கிறது; கூடவே, மனிதர் பேச்சுத் துணையை இழந்து தனித்துப்போகிறார். 2023இல் முடிவுகள் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். மொத்தக் குழுவையும் சேர்த்துப் பார்த்தபோது காதுக் கருவியால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே நோய் அபாயம் கூடுதலாக இருந்தவர்களிடம் சிந்தனைத் திறன் குறையும் வேகம் 48 சதவீதம் மட்டுப்பட்டது. மையத்தில் இதன் பிற்பாதியை மட்டும் சொன்னார்கள். முற்பாதியையும் சொல்லியிருந்தால் எனக்கு அவர்கள்மேல் மதிப்பு கூடியிருக்கும்.

'செவிட்டு மெஷின்' மாட்டிக்கொள்ள என் கணவர் ஆறு வாரம் மறுத்தார். ஏழாவது வாரம் வெளியே ஒரு காது நிபுணரிடம் பார்த்து, இரண்டு காதுக்குமாக 38,000 ரூபாய்க்கு வாங்கினோம். மையம் தன்னிடமே கருவியை விற்க முயலவில்லை என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன். முதல் பத்து நாள் தாளிக்கும் சத்தமே இடி போலக் கேட்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். இப்போது தொலைக்காட்சிச் சத்தத்தை நான்தான் கூட்டச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி குறைகள். மையத்தின் விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில், 'மறதி நோயிலிருந்து 45 சதவீதப் பாதுகாப்பு உறுதி' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதே லான்செட் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், நோய் அபாயத்தைக் கூட்டும், மாற்றக்கூடிய பதினான்கு காரணிகளையும் முழுமையாக அகற்ற முடிந்தால் உலகில் ஏற்படும் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று மதிப்பிட்டது. அது ஒட்டுமொத்த மக்கள்தொகைக்குப் போட்ட கணக்கு. இளமையில் கிடைக்காத கல்வி முதல் ஊரின் காற்று மாசு வரை அதில் அடங்கும். 64 வயதில் எனக்கு இரத்த அழுத்தத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, என் ஆபத்தில் 45 சதவீதம் கழிந்தது என்று சொல்வது கணக்கே அல்ல. வயதும் மரபணுவும் நம் கையில் இல்லை; எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவருக்கும் இந்நோய் வரலாம். 'உறுதி' என்ற சொல்லை அந்தத் தாளிலிருந்து எடுத்துவிடும்படி இரண்டு முறை எழுத்தில் கொடுத்தேன். இந்த மாதம் அச்சான தாளிலும் அது இருக்கிறது.

உடற்பயிற்சி வகுப்பு சிறப்பாக இருந்தது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது, சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது, ரப்பர் பட்டையை இழுப்பது என்று எளிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும், வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்ற அளவை எட்டுவதற்கு, வகுப்பு இல்லாத நாள்களில் மேம்பாலத்தை ஒட்டிய பூங்காவில் எங்களைக் குழுவாக நடக்கச் சொன்னார்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம் என்று பயிற்சியாளர் கொடுத்த அளவுகோல் எல்லோருக்கும் புரிந்தது. ஒற்றைக் காலில் நிற்பதற்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்டதற்கு, கீழே விழுந்து தலையில் அடிபடுவதும் அந்தப் பதினான்கு காரணிகளில் ஒன்று என்று விளக்கினார்கள். கடைகள் நடைபாதையை விழுங்கிவிட்ட நம் தெருக்களில் நடப்பவர்களுக்கு இது ஏட்டுப் பாடம் அல்ல.

காற்று மாசு பற்றிய பேச்சு மட்டும் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மணலி, எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த நால்வர், ஜன்னலைத் திறந்தால் சாம்பல் படிகிறது, நாங்கள் என்ன செய்வது என்று கேட்டார்கள். முகக்கவசம் அணியுங்கள் என்று பதில் வந்தது. ஆலைகளுக்கு நடுவே வாழும் மக்களிடம் இதற்கு மேல் சொல்ல ஒரு பயிற்சி மையத்திடம் எதுவும் இல்லாமலிருக்கலாம். ஆனால் இது தனிமனிதப் பழக்கத்தால் தீரும் சிக்கல் அல்ல என்றாவது ஒப்புக்கொண்டிருக்கலாம்.

உணவுத் தாளைக் கையில் வாங்கியபோது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஆலிவ் எண்ணெய், புளூபெர்ரி, வால்நட், சால்மன். காசிமேட்டு அம்மா அதை என்னிடம் படித்துக் காட்டச் சொன்னார். சால்மன் என்றால் என்ன மீன் என்று கேட்டார். குளிர்நாட்டு மீன், கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும் என்றேன். "அப்போ மத்தி என்ன பாவம் பண்ணுச்சு டீச்சர்?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தத் தாள் பரிந்துரைக்கும் ஒமேகா கொழுப்பு மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் நிறையவே உண்டு, விலையிலும் அவை எளியவருக்கு எட்டுபவை. கீரைக்கு முருங்கையும் அரைக்கீரையும், கொட்டைக்கு வேர்க்கடலையும், பயறுக்கு நம் சுண்டலும் இருக்கும்போது, ஒரு வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே அச்சடித்துக் கொடுப்பது சோம்பேறித்தனம். அதைவிட முக்கியமான ஒன்றை அத்தாள் சொல்லவே இல்லை. நம் சமையலில் மூளைக்குப் பெரிய எதிரி உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகிய மூன்றும் சேர்ந்தால், நாளுக்கு ஐந்து கிராமுக்குள் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் உப்பு அளவு மதியச் சாப்பாட்டிலேயே தீர்ந்துவிடும். உப்பு கூடினால் இரத்த அழுத்தம் கூடும். நடுவயதில் கட்டுப்படாத இரத்த அழுத்தம் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கும். கருவாட்டை நான் இன்னும் முழுவதும் விடவில்லை. வாரம் ஒரு நாளாகக் குறைத்து, கொதிநீரில் இரண்டு முறை அலசிச் சமைக்கிறேன்.

உணவைப் பற்றி மிகையாக நம்பிக்கை வைப்பதும் சரியல்ல. மூளைக்கென்றே வகுக்கப்பட்ட 'மைண்ட்' உணவுமுறையை மூன்று ஆண்டுகள் சோதித்து 2023இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், அதைப் பின்பற்றியவர்களுக்கும், வழக்கமான உணவையே சற்றுக் குறைத்து உண்டவர்களுக்கும் இடையே சிந்தனைத் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

வகுப்பில் ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் டேப்லெட் விளையாட்டுகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நிறங்களைப் பொருத்துவது, ஒளிந்திருக்கும் படத்தைக் கண்டுபிடிப்பது போன்றவை. பத்தாவது வாரத்தில் என் மதிப்பெண் இரட்டிப்பாகிவிட்டதாகப் பாராட்டினார்கள். அன்றைக்குத்தான் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்துவிட்டுக் குடையைக் கடையிலேயே விட்டு வந்தேன். ஒரு விளையாட்டை விளையாட விளையாட அந்த விளையாட்டில்தான் கை தேறும். இத்தகைய விளையாட்டுகள் மறதியைத் தள்ளிப்போடும் என்று போதிய சான்றில்லாமல் விளம்பரம் செய்ததற்காக, லுமோசிட்டி நிறுவனம் 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. அந்த இருபது நிமிடத்தில் எங்களை இணை இணையாகக் கேரமோ தாயமோ பல்லாங்குழியோ ஆடவிட்டிருந்தால், குறைந்தபட்சம் எதிரில் இருப்பவரோடு சண்டையாவது போட்டிருப்போம்.

மிகவும் உறுத்தியது மாத்திரை விற்பனை. வகுப்பு முடிந்து வெளியே வரும் வழியில், வல்லாரையும் ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாறும் கலந்த 'நினைவாற்றல் கேப்ஸ்யூல்' ஒரு மாதத்துக்கு 1,450 ரூபாய் என்று அடுக்கி வைத்திருந்தார்கள். ஜிங்கோவை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்து, மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை என்று 2008இலேயே முடிவு வெளியிட்டுவிட்டார்கள். வைட்டமின் பி, வைட்டமின் ஈ, ஒமேகா மாத்திரைகளையும் மறதியைத் தடுப்பதற்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. வல்லாரையை விரும்புபவர்கள் சந்தையில் ஒரு கட்டு வாங்கித் துவையல் அரைக்கலாம். சுவையாக இருக்கும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். நான் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவள். நீண்டகாலம் இந்த மருந்தை எடுப்பவர்களுக்கும் அசைவமே உண்ணாதவர்களுக்கும் பி12 குறையக்கூடும்; குறைந்தால் மறதியும் கை கால் மரத்துப்போவதும் வரும், தைராய்டு குறைபாட்டிலும் மறதி வருவதுண்டு. இவை சரிசெய்யக்கூடியவை. எனக்குப் பி12 குறைந்திருந்ததைக் கண்டுபிடித்தவர் எங்கள் குடும்ப மருத்துவர். மையத்தின் பரிசோதனைப் பட்டியலில் இந்த இரண்டு இரத்தச் சோதனைகளும் இல்லை. கேப்ஸ்யூலை விற்க இடம் இருந்த மையத்தில் இதற்கு இடம் இல்லாமல் போனது வியப்பாக இருக்கிறது.

தூக்கம், புகை, குடி ஆகியவற்றுக்கு தலா ஒரு வகுப்பு. மூன்றும் பாடப்புத்தகம் வாசிப்பது போலிருந்தன. மனச்சோர்வு பற்றிய வகுப்பும் அப்படியே போயிருக்கும், மனைவியை இழந்து எட்டு மாதமே ஆன தண்டையார்பேட்டைக்காரர் ஒருவர் திடீரென்று எழுந்து, காலையில் காபி போட்டால் இப்போதும் இரண்டு டம்ளர் எடுத்து வைக்கிறேன், இது மறதியா என்று கேட்டிருக்காவிட்டால். பயிற்சியாளருக்குப் பதில் தெரியவில்லை. காசிமேட்டு அம்மாதான் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

ஆக, 8,500 ரூபாய் தகுமா? இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அரசின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலிலுமே இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. பிறகு எதற்குப் பணம் என்றால், கட்டாயத்துக்கும் கூட்டுக்கும்தான். பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்தக்குழாய் நலக் கண்காணிப்பு ஆகியவற்றை இரண்டு ஆண்டுகள் சேர்த்துச் செய்து, 2015இல் பலன் கண்டார்கள். அதே வழியில் அமெரிக்காவில் 2,111 பேரிடம் நடந்து 2025இல் முடிவு வெளியான ஆய்வில், ஒரு குழுவுக்குக் குறிப்பிட்ட அட்டவணையும் அடிக்கடி கூட்டங்களும், மற்றொரு குழுவுக்குப் பொதுவான அறிவுரையும் கொடுத்தார்கள். இரு குழுவினரும் முன்னேறினார்கள். அட்டவணையோடு நடந்தவர்கள் சற்றுக் கூடுதலாக முன்னேறினார்கள். அந்தச் 'சற்றுக் கூடுதல்' எங்களுக்கு இந்த மையத்தில் கிடைத்தது. வீட்டிலிருந்தே ஒழுங்காகச் செய்யக்கூடிய மன உறுதி உள்ளவர்கள் இங்கே வர வேண்டியதில்லை. எனக்கு அது கிடையாது.

சேர நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். வகுப்பு இரண்டாவது மாடியில் நடக்கிறது. மின்தூக்கி பன்னிரண்டு வாரத்தில் நான்கு நாள்தான் ஓடியது. முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பே விசாரிக்கவும். முதல் நாள் பரிசோதனை முடிவுகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் தருவதில்லை. கடைசி வாரம் மறுபரிசோதனை உண்டு என்று தாளில் இருந்தாலும், எங்கள் பிரிவுக்கு இரத்த அழுத்தமும் எடையும் மட்டுமே பார்த்தார்கள். என் மேல் அழுத்தம் 152லிருந்து 134க்கு வந்திருந்தது; அதில் பாதிப் பெருமை குடும்ப மருத்துவர் மாற்றிக் கொடுத்த மாத்திரைக்கு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே கழிப்பறை. கேப்ஸ்யூல் மேசையை நிமிராமல் கடந்துவிடலாம்.

அடுத்த பிரிவிலும் சேரச் சொல்லித் தள்ளுபடியோடு தொலைபேசியில் அழைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். எங்கள் பிரிவில் இருந்த ஒன்பது பேர் இப்போதும் காலை ஐந்தரைக்கு அந்தப் பூங்காவில் நடக்கிறோம். தண்டையார்பேட்டைக்காரர் வராத நாளில் காசிமேட்டு அம்மா அவருக்குப் போன் போட்டுவிட்டுத்தான் நடக்கத் தொடங்குகிறார். நடை முடிந்ததும் என் கணவர் வீட்டுக்கு வருவதில்லை. நேராகத் தெருமுனைக் கேரம் பலகைக்குப் போய்விடுகிறார். காலை இட்லி ஆறிப்போகிறது என்பது என் புதிய குறை, அதற்கு மையம் பொறுப்பல்ல.